புலியை எண்ணியாச்சு, தவளையை எப்போ எண்ணப் போறோம்?

கார் அறுப்பு முடிஞ்சு பிசானத்துக்கு நாத்துப் பாவுற நேரம். சென்னையிலிருந்து தம்பி முறை ஆகிற ஒருத்தன் பிள்ளைகளோட ஊருக்கு வந்திருந்தான். வந்தவங்களை அருவிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா நம்ம பக்கம் விருந்து விருந்தே இல்ல. வேலையைப் பாதியில விட்டுட்டு நானும் கூடப் போனேன். எந்த அருவின்னு கேக்காதீங்க, பேர் சொன்னா பேச்சு அந்த ஊர்ச் சண்டையா மாறிடும்.

பெரியவங்க எல்லாரும் தண்ணிக்குள்ள நிக்க, எட்டு வயசுப் பிள்ளை மட்டும் ஓடை ஓரத்துல உட்கார்ந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்துச்சு. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை, பாறை நிறத்துலயே இருந்தது.

"பெரியப்பா, இது என்ன தவளை?"

"தவளைதான் மக்கா."

"தவளைன்னா... என்ன தவளை?"

எனக்குப் பதில் வரல. புகையான், குருத்துப் பூச்சி, இலைச்சுருட்டுப் புழுன்னு நெல்லைத் தின்கிற பூச்சி பத்துப் பன்னிரண்டுக்கு எனக்குப் பேர் தெரியும். அந்தப் பூச்சியைத் தின்கிற ஜீவனுக்குத் தவளை, தேரை, சொறித்தவளைங்கிறதைத் தாண்டி ஒரு பேர் தெரியாது. "அந்த போர்டுல போட்டிருப்பாங்க, வா"ன்னு வாசல் பக்கம் கூட்டிட்டுப் போனேன். போர்டுல புலி இருந்தது, சிறுத்தை இருந்தது, கரடி, சிங்கவால் குரங்கு எல்லாம் இருந்தது. குளிக்க வந்த யாரும் அங்க பார்க்க முடியாத மிருகங்க. காலடியில உட்கார்ந்திருக்கிற தவளை மட்டும் போர்டுல இல்ல.

அந்தக் கோபத்துலதான் இதை எழுதுறேன். யார் மேல கோபம்னு கேட்டா என்னையும் சேர்த்துத்தான்.

நம்ம மலையைப் பத்தித் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடுறேன். முண்டந்துறையை 1962-ல புலிகள் சரணாலயம்னு அறிவிச்சாங்க. களக்காடு 1976-ல சரணாலயம் ஆச்சு. 1988-ல ரெண்டையும் சேர்த்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தமிழ்நாட்டோட முதல் புலிகள் காப்பகம் இதுதான். தாமிரபரணி, மணிமுத்தாறு, சேர்வலாறு, பச்சையாறுன்னு நாங்க குடிக்கிற தண்ணி, உழுற தண்ணி எல்லாம் இந்த மலையிலிருந்துதான் இறங்குது. அந்தத் தண்ணியில நீங்க குளிக்க வர்ற இடங்கள் மூணு நாலு: மணிமுத்தாறு அருவி, பாபநாசத்துல அகஸ்தியர் அருவி, களக்காட்டுல தலையணை. காட்டோட மொத்தப் பரப்புல இது உள்ளங்கை அளவு இடம். ஆனா அங்கதான் வருசம் பூரா மனுசக் காலு மிதிக்குது.

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. அந்த உள்ளங்கை அளவு இடத்துல என்னென்ன தவளை, தேரை, அரணை, பல்லி, பாம்பு இருக்குன்னு முறையா எண்ணுங்க. வருசா வருசம் எண்ணுங்க. எண்ணினதைத் தமிழ்ல எழுதி வாசல்ல மாட்டுங்க.

"இதெல்லாம் ஏற்கெனவே செஞ்சாச்சு"ன்னு சிலர் சொல்வாங்க. செஞ்சிருக்காங்க, பெரிய வேலையே செஞ்சிருக்காங்க. இந்திய வன உயிரின நிறுவனத்துக்காரங்க செங்கல்தேரி, கன்னிகட்டி, காக்காச்சி மழைக்காட்டுல தரையைச் சதுரம் சதுரமா அளந்து, சருகைக் கையால விலக்கி, அதுக்கு அடியில இருந்த தவளையையும் அரணையையும் எண்ணினாங்க. அந்த ஆய்வெல்லாம் 2001-ல கரண்ட் சயின்ஸ் இதழ்ல வந்தது. ஆனா அது குளிக்கிற இடத்துல எடுத்த கணக்கு இல்ல, ஆள் போகாத காட்டுல எடுத்தது. எடுத்தும் இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. என் வயல்ல இருபது வருசத்துக்கு முன்னாடி எடுத்த மண் பரிசோதனைச் சீட்டை வச்சு இன்னைக்கு உரம் போட்டா நீங்க என்னைப் பைத்தியம்னுதானே சொல்வீங்க?

"அருவிக்கரையில என்ன பெருசா இருந்துடப் போகுது, அபூர்வமானதெல்லாம் மேல அடர்காட்டுலல்ல இருக்கும்?" இது அடுத்த கேள்வி. தேடாத வரைக்கும் எங்கயும் எதுவும் இருக்காது சார். ஒரு சின்னப் பச்சைத் தவளை கதை சொல்றேன். 1876-ல அதுக்குப் பேர் வச்சாங்க. ராவோர்செஸ்டஸ் சலசோடஸ்னு இப்போ சொல்றாங்க. அதுக்கப்புறம் நூறு வருசத்துக்கு மேல யார் கண்ணுலயும் பட்டதாப் பதிவு இல்ல. அழிஞ்சு போச்சுன்னே நினைச்சாங்க. 2011-ல அது உயிரோட இருக்குன்னு அறிவிச்சாங்க. எங்க இருந்ததுன்னா, நம்ம மலைமேல கோதையாறு பக்கத்து ஈத்தை மூங்கில் காட்டுல! மூங்கில் கணுவுக்கு நடுவுல ஒரு சின்னக் கீறல் இருந்தா அதுக்குள்ள நுழைஞ்சு முட்டை போடுது. தலைப்பிரட்டைங்கிற பருவமே கிடையாது, முட்டைக்குள்ளயே தவளைக்குஞ்சா ஆகித்தான் வெளிய வருது. அதுவரைக்கும் ஆண் தவளை உள்ள இருந்து காவல் காக்குது. சேஷாத்ரியும் அவர் கூட இருந்தவங்களும் 2015-ல இதை எழுதினாங்க. கூடை முடையவும் கூரைக்கும் ஈத்தையை வெட்டி வெட்டிப் பழகின ஜனங்க நாம. வெட்டின கணுவுக்குள்ள ஒரு அப்பன் உட்கார்ந்திருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியாது.

இன்னொண்ணு, நடனத் தவளை. ஓடைப் பாறையில உட்கார்ந்து ஒரு பின்னங்காலைத் தூக்கி வெள்ளைக்கொடி காட்டுற மாதிரி ஆட்டும். தண்ணி இரைச்சல்ல கத்தினா கேக்காதுல்ல, அதனால காலாலயும் பேசுது. மேற்குத்தொடர்ச்சி மலையில 2014-ல ஒரே தடவையில 14 புது நடனத் தவளைக்குப் பேர் வச்சாங்க. அகத்தியமலைக்கு அந்தப் பக்கம், கேரளச் சரிவுல இருக்கிற ஒரு வகையோட தலைப்பிரட்டை எங்க வளருதுன்னு 2016-ல கண்டுபிடிச்சாங்க. ஓடைப் படுகையில சரளைக்கும் மணலுக்கும் அடியில, இருட்டுல புதைஞ்சு கிடந்து வளருது. இப்போ யோசிங்க. நீங்க குளிக்கிறதுக்கு வசதியா ஓடைப் படுகையைச் சமப்படுத்தி சிமெண்டுத் தளம் போட்டா, அது யார் வீட்டுக் கூரை மேல போடுற தளம்? நம்ம சரிவுல, நம்ம ஓடையில அப்படி எதுவும் இருக்கா இல்லையான்னு பார்க்காமலே போட்டுட்டுப் போறது எந்த ஊர் நியாயம்?

கல்லுமேல கல்லு அடுக்கி போட்டோ எடுத்துட்டுப் போறீங்களே, அதுவும் இதுல சேர்ந்ததுதான். ஓடைக் கல்லுக்கு அடியில முட்டை இருக்கும், தலைப்பிரட்டை ஒட்டிக்கிட்டு இருக்கும், நண்டு இருக்கும். உங்களுக்கு அது ஒரு நிமிச விளையாட்டு. ஷாம்பு, சோப்பு, சீயக்காய்னு பாக்கெட்டைக் கிழிச்சு ஊத்துறீங்க. தவளைக்குத் தோல்தான் பாதி மூச்சு. தண்ணியையும் தோல் வழியாத்தான் எடுத்துக்கும். நுரை உங்க தலையிலிருந்து போயிடும், அது தோல்லருந்து போகாது.

2023-ல உலகம் முழுக்கக் கணக்குப் பார்த்தப்போ, நிலநீர் வாழ்வன இனங்கள்ல 41 சதவீதம் அழியற அபாயத்துல இருக்குன்னு வந்தது. முதுகெலும்பு உள்ள உயிர்கள்லயே இவ்வளவு மோசமான நிலைமையில இருக்கிறது இதுங்கதான். வெளிநாடுகள்ல ஒரு பூஞ்சை நோய் வந்து 90 இனம் முற்றா அழிஞ்சு போயிருக்கும்னு 2019-ல எழுதினாங்க. அந்த ஊர்கள்ல முன்னாடியே எண்ணி வச்சிருந்ததாலதான் குறைஞ்சதே தெரிஞ்சது. நம்ம அருவிக்கரையில நாளைக்கு ஒரு இனம் காணாமப் போனா, காணாமப் போச்சுன்னு சொல்றதுக்குக் கூட நம்ம கையில ஒரு தாள் கிடையாது.

சரி, தவளைக்கு அழுதது போதும், பாம்புக்கு வர்றேன். இங்கதான் எனக்குச் சொந்த நட்டம்.

1994-ல, பிசான நடவு முடிஞ்ச சமயம், எங்க சித்தப்பா ராத்திரி மடை மாத்தப் போனார். வரப்புல கால் வச்சப்போ கடிச்சிருச்சு. தொடையில கயிறைக் கட்டி, பச்சிலை வச்சு, பக்கத்து ஊர்ல மந்திரிக்கிறவர் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விடிஞ்சிருச்சு. ஈறுல ரத்தம் கசிஞ்சது, ஒண்ணுக்கு வரல. மூணாம் நாள் போயிட்டார். கண்ணாடி விரியன்னு டாக்டர் சொன்னாராம். அவரைக் கொன்னது பாம்பு பாதி, நாங்க பண்ணின தாமதம் பாதி. மறுநாள் ஊர்ல பத்துப் பேர் கம்பெடுத்துக்கிட்டு வயலுக்குப் போய் "விரியனை" அடிச்சுக் கொண்டு வந்தாங்க. வருசக்கணக்கு கழிச்சு, பாம்பு படம் போட்ட புஸ்தகம் ஒண்ணு கையில கிடைச்சப்போதான் எனக்குப் புரிஞ்சது, அன்னைக்கு அடிச்சது மலைப்பாம்புக் குட்டி. அதுக்கு விசமே கிடையாது.

இந்தியாவுல 2000-லிருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடியில செத்தவங்க சுமார் 12 லட்சம் பேர். வருசத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்து ஆளுங்க, என்னை மாதிரி வயல்ல நிக்கிறவங்க. 2024 நவம்பர்லதான் தமிழ்நாட்டு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கினது. அதாவது கடிபட்டவங்களை முறையா எண்ண ஆரம்பிச்சதே நேத்துதான். கடிக்கிற பாம்பை எண்ண இன்னும் ஆரம்பிக்கல.

ஏன் எண்ணணும்னா, ஆஸ்பத்திரியில போடுற விசமுறிவு மருந்து நாலு பாம்புக்குத்தான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இந்த நாலு பாம்பு விசத்தையும் எடுத்துக் கொடுக்குது. அந்த மக்களுக்கு நாடே கடன்பட்டிருக்கு. ஆனா மலையில இருக்கிறது அந்த நாலு மட்டும் இல்ல. சருகு நிறத்துல, மூக்கு மேல தூக்கின மாதிரி ஒரு சின்னக் குழிவிரியன் இருக்கு, கூன்மூக்கு விரியன்னு சொல்றது. அதோட கடிக்கு இந்த மருந்து கேக்காது. லீவு நாள்ல அருவிக்கரையில கூட்டம் கூட்டமா வெறுங்காலோட நடக்கிறீங்க. கைக்குழந்தையைச் சருகு மேல துண்டு விரிச்சுப் படுக்க வைக்கிறீங்க. அந்த இடத்துல என்ன பாம்பு இருக்கு, எந்த மாசம் அதிகம், எந்தப் பாதையில அதிகம்னு ஒரு கணக்கு இருந்தா கீழ இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அது எவ்வளவு பெரிய உதவி! இது உங்க பிள்ளைங்க உசிர் விசயம். தவளைக்காக வேண்டாம், உங்களுக்காகவாவது கேளுங்க.

இன்னொரு கூத்து நடக்குது. ஊருக்குள்ள வீட்டுல புகுந்த பாம்பைப் பிடிச்சு, வீடியோ எடுத்து, கடைசியில "பத்திரமாகக் காட்டில் விடப்பட்டது"ன்னு ஒரு வரி போட்டு முடிச்சிடுறாங்க. எந்தக் காட்டுல? சாரையும் நல்ல பாம்பும் வயல்காட்டுப் பாம்பு, எலியைத் தின்னு வாழுறது. அதைக் கொண்டு போய் மலை அடிவாரத்துல விட்டா அது என்ன ஆகும், அங்க ஏற்கெனவே இருக்கிறது என்ன ஆகும்? கணக்கு இருந்தாத்தானே தெரியும். இங்க எனக்குச் சாரை இல்லாம எலி வரப்பைத் துளைச்சுத் தள்ளுது.

"ராத்திரியில காட்டுக்குள்ள ஆளுங்களை விட முடியுமா, யானை இருக்கு, கரடி இருக்கு"ன்னு ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். இந்த வேலை விளையாட்டு இல்ல. ஊர்வன ஆய்வாளர் சுப்பிரமணியன் பூபதி, சாலிம் அலி நிறுவனத்துல இருந்தவர், 2014 ஏப்ரல்ல இதே அகத்தியமலையில களப்பணியில இருந்தப்போ விபத்துல இறந்து போனார். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில கண்டுபிடிச்ச ஊதா நிறத் தவளை ஒண்ணுக்கு 2017-ல அவர் பேரையே வச்சாங்க. அதனாலதான் சொல்றேன், அடர்காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி இந்த உள்ளங்கை அளவு இடத்தை எண்ணுங்க. தார் ரோடு இருக்கு, கேட் இருக்கு, காவலுக்கு ஆள் இருக்கு. சாயங்காலம் எல்லாரையும் வெளிய அனுப்பினதுக்கப்புறம், ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைக்கும், நாலு பேர், தலையில டார்ச், கையில நோட்டு. அளந்து வச்ச பாதையில ஒரே வேகத்துல நடக்கணும். கண்ணுல பட்டதை, காதுல கேட்டதை எழுதணும். வெப்பம், ஈரம், மழை எழுதணும். செருப்பையும் பூட்ஸையும் கழுவிட்டு அடுத்த ஓடைக்குப் போகணும், நோயைக் காலோட கொண்டு போகக் கூடாது. தென்மேற்கு மழையில ஒரு தடவை, வடகிழக்கு மழையில ஒரு தடவை. இதுக்குக் கோடி ரூபா தேவையில்ல.

நம்ம ஊர்ல முடியாதுன்னு சொல்லாதீங்க. 2011-லிருந்து வருசா வருசம் தாமிரபரணிப் பாசனக் குளங்கள்ல நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்குது. மணிமுத்தாறுல இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள மையம் முன்னால நிக்க, காலேஜ் பிள்ளைங்க, வாத்தியார்கள்னு விடிகாலையில பைனாகுலரோட குளத்தங்கரையில நிக்கிறாங்க. பறவைக்கு முடிஞ்சது தவளைக்கு முடியாதா? புலிக்கு நாலு வருசத்துக்கு ஒரு தடவை நாடு முழுக்க கேமரா கட்டுறோம். அது வேணும். ஆனா இந்த மலையோட தண்ணியில முதல்ல வாழுறது எதுவோ, அதுக்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் கூட இல்லைங்கிறது அசிங்கம்.

எண்ணுறவங்க கூட உள்ளூர் ஆளுங்க இருக்கணும். காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் காணி மக்களுக்கு எந்தச் சத்தம் எந்த மழைக்கு முன்னாடி வரும்னு தெரியும். அவங்களை மூட்டை தூக்க மட்டும் கூப்பிடாதீங்க. சம்பளம் கொடுத்து, பேர் போட்டு, கூடச் சேர்த்துக்கோங்க. நம்ம ஊர்ப் பேரைச் சுமக்கிற ஒரு பாம்பே இருக்கு தெரியுமா? திருநெல்வேலி கேடயவால் பாம்புன்னு சொல்றாங்க. 1875-ல லண்டன்ல உட்கார்ந்திருந்த குந்தர் அதுக்குப் பேர் வச்சார். மண்ணுக்குள்ள மண்புழு தின்னு வாழுற அப்பிராணி. அல்வாவுக்கு அடுத்தபடியா ஊர் பேரைச் சொல்ல வேண்டியது. எங்க ஊர்ல இந்த ஜாதிப் பாம்பு எதைப் பார்த்தாலும் "இருதலைமணியன், நக்கினா குஷ்டம் வரும்"னு மண்வெட்டியால வெட்டுவோம்.

இப்போ விவசாயி பக்கம். நீங்க கேக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். நீங்க அருவியில ஷாம்பு ஊத்துறீங்க, நாங்க வயல்ல குருணை போட்டோம். எங்க அப்பா காலத்துல தொளி அடிச்சு முடிச்ச ராத்திரி தவளைச் சத்தத்துல தூங்க முடியாது. தவளைக்காலுக்குக் காசு கிடைக்குதுன்னு நாடே சாக்குல பிடிச்சு ஏற்றுமதி பண்ணின காலமும் இருந்தது, 1987-லதான் தடை வந்தது. தவளை போச்சு, பூச்சி வந்துச்சு, பூச்சிக்கு மருந்து வந்துச்சு, மருந்துல மிச்சத் தவளையும் போச்சு. அந்தக் கணக்குல நானும் ஒரு குற்றவாளி. அஞ்சு வருசமா என் நாற்றங்கால்ல குருணை போடுறதில்ல. மூணு வருசமா ஒரு நோட்டு வச்சிருக்கேன். முதல் மழை என்னைக்கு, முதல் தவளைச் சத்தம் என்னைக்கு, வரப்புல என்ன பாம்பு பார்த்தேன்னு எழுதுறேன். பேர் தெரியாததுக்கு "முதுகுல கோடு போட்டது", "டொக் டொக்னு கத்துறது"ன்னு எழுதியிருக்கேன். சிரிக்காதீங்க, தெரிஞ்சவங்க யாராவது வந்து சரியான பேர் சொல்லிக் கொடுங்க.

அதனால நகரத்து நண்பர்களே, அடுத்த தடவை எங்க பக்கம் வரும்போது டிக்கெட் கொடுக்கிற இடத்துல ஒரு கேள்வி கேளுங்க: "இங்க என்ன தவளை இருக்கு, என்ன பாம்பு இருக்கு, கடைசியா எப்போ எண்ணினீங்க?" ஒருத்தர் கேட்டா சிரிப்பாங்க. நூறு பேர் கேட்டா மேல எழுதிக் கேப்பாங்க. நாங்க கேட்டா "உனக்கு எதுக்குவே இந்த வேலை"ம்பாங்க, நீங்க கேட்டா கொஞ்சம் மதிப்பாங்க. அது எரிச்சலா இருந்தாலும் உண்மை அதுதான். எண்ணி முடிக்கிற வரைக்கும் அருவிக்கரையில புதுசா ஒரு மூட்டை சிமெண்டு கூட இறங்கக் கூடாதுன்னும் சேர்த்துக் கேளுங்க. வழுக்கி விழாம இருக்க ரெண்டு கம்பி வேணும்னா அதை நான் எதிர்க்கல. எதுக்கு மேல தளம் போடுறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடுங்கன்னுதான் சொல்றேன்.

அந்தப் பிள்ளை சென்னைக்குப் போன பிறகு போன் பண்ணுச்சு. "பெரியப்பா, அந்தத் தவளை பேரு கண்டுபிடிச்சீங்களா?" இன்னும் இல்ல மக்கான்னு சொன்னேன். அடுத்த லீவுக்கு வரும்போது மறுபடியும் கேக்கும். அதுக்குள்ள யாராவது எனக்கு ஒரு பதில் வாங்கிக் கொடுங்க.

கால்ல இன்னைக்கு எங்க மடைக்கு முறைத் தண்ணி. டார்ச்சும் கம்பும் எடுத்துக்கிட்டுக் கிளம்பணும். கம்பு அடிக்கிறதுக்கு இல்ல, தரையைத் தட்டிக்கிட்டே நடக்கிறதுக்கு.